ஒரே ஓர் இணைகோடு

பள்ளி இயற்கணிதத்தில் நம்மை அதிகம் அலைக்கழிக்காதவை இணைகோட்டுக் கணக்குகள்தாம். 2எக்ஸ் + 3ஒய் = 12 என்றொரு கோடு; (4, 5) என்றொரு புள்ளி. அப்புள்ளி வழியே அக்கோட்டுக்கு இணையாகச் செல்லும் கோட்டின் சமன்பாடு யாது? இடப்பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எக்ஸுக்கு 4ஐயும் ஒய்க்கு 5ஐயும் இடுகிறோம். 8 + 15 = 23. ஆகவே விடை 2எக்ஸ் + 3ஒய் = 23. கெழுக்கள் மாறாததால் சாய்வு மாறவில்லை. மாறிலி மட்டுமே மாறியது.

இவ்விரு கோடுகளும் எங்கேனும் சந்திக்குமா? ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எக்ஸும் ஒய்யும் மறைந்து 0 = 11 என்று எஞ்சுகிறது. பொதுப்புள்ளி ஒன்று இருக்குமானால் இந்தப் பொய் மெய்யாக வேண்டும். ஆகவே அப்படியொரு புள்ளி இல்லை. முடிவிலிவரை நடந்து பார்க்கவேண்டிய ஒன்றை ஒரு கழித்தல் தீர்த்துவைக்கிறது.

அந்த 23க்கு மாற்று எண்ணும் இல்லை. ஒரு புள்ளி, ஒரு மாறிலி, ஒரே ஓர் இணைகோடு. நாம் இரண்டு வரிகளில் கடந்துவிடும் இந்த 'ஒரே' என்ற சொல்தான் ஈராயிரம் ஆண்டுகள் கணித அறிஞர்களின் உறக்கத்தைக் கெடுத்தது. யூக்ளிடின் ஐந்தாம் எடுகோள் சொல்வதன் சாரம் இதுவே. ஏனைய எடுகோள்களிலிருந்து இதை வருவித்துவிடப் பலரும் முயன்றனர். கவிஞராகவே நாம் அறிந்த உமர் கய்யாமும் 1077இல் எழுதிய நூலில் இதனோடு போராடினார். ஹங்கேரியின் ஃபார்கஷ் போல்யாய் தம் இளமையை இதில் தொலைத்தவர். மகன் யானோஷும் அதே வழியில் இறங்கியபோது, இணைகோடுகளைத் தொடவேண்டாமென 1820இல் கடிதம் எழுதி மன்றாடினார். மகன் கேட்கவில்லை. ஒரு புள்ளி வழியே பல இணைகோடுகள் செல்லும் வடிவியலும் முரணின்றிக் கட்டப்படலாம் என்று கண்டார். 1832இல் அது தந்தையின் நூலுக்கே பின்னிணைப்பாக வெளிவந்தது. ருஷ்யாவில் லொபசேவ்ஸ்கி அதற்குச் சற்று முன்பே, 1829இல், தனியாக அதே முடிவை வெளியிடத் தொடங்கியிருந்தார்.

அப்படியானால் நமக்கு மட்டும் விடை எப்படி இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது? தளம் என்பது எண் சோடிகளின் தொகுப்பு, கோடு என்பது முதற்படிச் சமன்பாடு என்று ஒப்புக்கொண்ட கணத்திலேயே ஐந்தாம் எடுகோளையும் நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இயற்கணிதம் அந்தப் பழைய கேள்விக்கு விடை சொல்லவில்லை. விடையைத் தன் அடித்தளத்திலேயே வைத்துக் கட்டிவிட்டது.

பிள்ளைகளுக்கு இக்கணக்கைக் கற்பிக்கும்போது, 23 என்று எழுதி முடித்ததும் அடுத்த கணக்குக்கு விரைகிறோம். "ஏன் ஒன்று மட்டும்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டால், அன்றைக்கு அடுத்த கணக்கு காத்திருக்கட்டும். ஃபார்கஷ் தம் மகனைக் காப்பாற்ற நினைத்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.