டிஸ்க் "விலகிடுச்சு"ன்னா என்ன?

1/ ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு மூட்டை தூக்குறவங்க இடுப்பைப் பிடிச்சுட்டு வந்தா முதல்ல கேக்குறது: "டிஸ்க் விலகிடுச்சாம், நீவி உள்ள தள்ளிடலாமா டாக்டர்?"

2/ முடியாதுங்க. டிஸ்க் பிதுங்கி ஆபரேஷன் வரை வந்த 181 பேரை கோவை கங்கா மருத்துவமனையில டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு ஆராய்ஞ்சு 2013-ல வெளியிட்டாங்க. சுமார் 65 சதவீதம் பேருக்கு, டிஸ்க் எலும்போட ஒட்டியிருக்கிற இடமே பிஞ்சிருந்தது. அதை வெளியில இருந்து அமுக்கி ஒட்டவைக்க முடியுமா?

3/ பயமும் வேண்டாம். பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்கள்ல வலி குறையும். படுத்தே கிடக்காதீங்க, முடிஞ்ச அளவு நடங்க. மூட்டையை உடம்போட ஒட்டிப் பிடிச்சுத் தூக்குங்க. தள்ளிப் பிடிச்சா இடுப்புல பாரம் கூடும்.

4/ ஆனா கால் பலம் குறைஞ்சா, மூத்திரம் வராம அடைச்சா, உட்காருற இடம் மரத்துப்போனா, நீவ விடாதீங்க. அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. தாமதிச்சா நரம்பு பழையபடி ஆகாமலே போயிடலாம்.