எட்டு ஸ்குறூவும் ஒரு பொய்யும்

“தம்பி சிகரெட் பத்துறனீரோ?”

ஒப்பரேஷனுக்கு முதல்நாள் டொக்டர் கேட்ட கேள்விகளில் இது ஐந்தாவதோ ஆறாவதோ. சீனி வருத்தம் இருக்கோ, ஒத்துக்கொள்ளாத மருந்து இருக்கோ எண்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், இதையும் அதே குரலில்தான் கேட்டார். பக்கத்தில் அம்மா நிண்டவ. “இல்லை” எண்டன். அவர் எழுதிக்கொண்டார்.

அதுக்கு இரண்டு நாள் முந்தி ஊர் மைதானத்தில் வொலிபோல். அடிக்க எழும்பினவன், வலைக்குக் கீழால் நீட்டிக்கொண்டிருந்த மற்றவன்ர காலுக்கு மேல வந்து இறங்கினேன். பாதம் ஒரு பக்கம் போக நான் மற்றப் பக்கம் போனேன். ‘டக்’ எண்ட சத்தம் பின்னால சேவிஸ் போட நிண்டவனுக்கும் கேட்டதாம்.

வீட்டில் முதல் யோசனை, முறிவு வைத்தியரிட்டப் போய்ப் பத்துப் போடுவம் எண்டதுதான். கை எண்டால் நானும் ஓம் எண்டிருப்பன். எக்ஸ்றேயைப் பார்த்த டொக்டர் சொன்ன விளக்கம்தான் மறித்தது. கணுக்கால் ஒரு கவ்வி மாதிரி. கணைக்காலின் இரண்டு எலும்புகளும் இரண்டு பக்கமும் மொளியாக இறங்கி, நடுவில் தேலஸ் என்ற எலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எனக்கு இரண்டு மொளியும் உடைந்து தேலஸ் வெளிப்பக்கம் விலகியிருந்தது. பிறகு கட்டிலில் கிடந்து தேடி வாசித்ததில் ஒரு கணக்கு அகப்பட்டது. 1976 இல் ராம்சே, ஹமில்டன் என்ற இரண்டு பேர் இறந்தவர்களின் கணுக்கால்களை வைத்து அளந்திருக்கிறார்கள். தேலஸ் வெளிப்பக்கமாக 1 மில்லிமீற்றர் அரக்கினாலே, அதுவும் மேல் எலும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு சராசரியாக 42 வீதம் குறைந்துபோகிறது. உடம்பின் பாரம் முழுக்க மிச்ச இடத்தில். ஒரு மில்லிமீற்றர் எண்டது சைக்கிள் கம்பியின் மொத்தத்தில் பாதி.

வெளிப்பக்கம் ஒரு தகடு, ஆறு ஸ்குறூ. உள்பக்கம் இரண்டு ஸ்குறூ. முள்ளந்தண்டில் ஊசி போட்டதால் நோவில்லை, ஆனால் காது வடிவாகக் கேட்டது. துளைக்கிற சத்தம், தட்டுற சத்தம், இறுக்கிற சத்தம். கண்ணை மூடினால் எங்கட ஊர்த் தச்சுப் பட்டறைதான்.

அம்மாவுக்கு ஒரே கவலை: “இரும்பெல்லோ, உள்ளுக்க கறள் பிடியாதே?” பிடியாது. அந்த உருக்கில் குரோமியம் கலந்திருக்கிறது. அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கிக் காப்பாற்றும்.

ஆனால் கறள் பிடிக்கக்கூடிய இரும்பை வைத்துக்கொண்டும் ஆள் உயிரோட இருக்கலாம் என்பதற்கு எங்கட வீட்டிலேயே சாட்சி இருந்தது. மாமாவின் கெண்டைக்காலில் 2009 இல் ஏறிய செல் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. உடம்பு அதைச் சுற்றித் தழும்புத் தசையால் ஒரு உறை கட்டி ஒதுக்கி வைத்துவிட்டது. முதுகு நோவுக்கு எம்.ஆர்.ஐ எடுக்கப் போன இடத்தில், துண்டு இருக்கெண்டதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காந்தம் துண்டை இழுத்துவிடலாம். என்னுடைய தகட்டை அது அப்படி இழுக்காது. இதை மாமாவுக்குச் சொன்னபோது சிரித்தார். “உனக்கு விறைக்கப் பண்ணிப்போட்டு வைச்சவங்கள் மருமோன். எனக்குக் கேக்காமலே வைச்சவங்கள்.”

ஞாயிறு ஞாயிறாக மாமா ஆட்டுக்கால் சூப்போடு வருவார். குடித்து முடிய, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அவரோடு கிணத்தடிக்குப் போவேன். ஆளுக்கொரு சிகரெட். அவர் வராத நாளில் அறை யன்னலடியில் நான் தனிய இரண்டு, மூன்று.

மூன்றாம் மாதக் கிளினிக்கில் டொக்டர் எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கனநேரம் கதைக்கவில்லை. வெடிப்பு அப்படியே கறுப்பாக இருந்தது. ஒரு ஸ்குறூவைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம். ஸ்குறூ ஆடத் தொடங்கினால் சுற்றியுள்ள எலும்பு கரைந்து அப்படித் தெரியுமாம்.

“தகடு எலும்பை ஒட்டாது தம்பி. பிடிச்சுக்கொண்டு நிக்கும், அவ்வளவுதான். ஒரு கம்பியைத் திருப்பித் திருப்பி வளைச்சால் என்ன நடக்கும்?”

“முறியும்.”

“அதுதான். எலும்பு பொருந்த முந்தித் தகடு களைச்சால் அது முறியும்.”

ஒப்பரேஷனோடு வேலை முடிஞ்சுது எண்டுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அண்டைக்குத்தான் தொடங்கியிருக்கிறது. முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அதற்குள் புது நுண்குழாய்கள் நுழைந்து, முதலில் நாரும் கசியிழையமும், பிறகு கல்சியம் படிந்து எலும்பு. தகடு இறுக்கி நெருக்கின இடத்தில் இந்த வீக்கம்கூட வராது. ஒருவகைக் கலங்கள் முறிவுக்குக் குறுக்கே சுரங்கம் தோண்டிக்கொண்டு போக, பின்னால் வருகிற கலங்கள் புது எலும்பால் நிரப்பிக்கொண்டு போகும். எந்த வழியென்றாலும் ரத்தம் வந்து சேரவேணும். கணுக்காலில் தோலுக்குக் கீழே உடனே எலும்பு, போர்த்துவைக்கச் சதை இல்லை. நிக்கொட்டின் அங்க போகிற குழாய்களைத்தான் சுருக்குது.

“சிகரெட்?” எண்டு திரும்பக் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“ஓம் எண்டு சொல்லன்ரா” எண்டா அம்மா. “உன்ர சேட்டுத் தோய்க்கிறது ஆர்?”

இன்னும் ஆறு கிழமை கால் ஊன்றக்கூடாது. கொழும்பில் சேர இருந்த வேலை போச்சு. சிகரெட் மட்டும்தான் காரணம் எண்டு டொக்டர் சொல்லவில்லை. எலும்பு சிதறின விதமும் இருக்கெண்டார். அந்த இரக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. நான் விட்டேன். லேசாக விட்டனான் எண்டு சொன்னால் அது இரண்டாவது பொய். மாமா விடவில்லை. படலைக்கு வெளியில் தனிய நிண்டு பத்திப்போட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுச் சூப்புச் சட்டியோடு உள்ளே வருவார். அது பற்றி நாங்கள் இருவரும் ஒண்டும் கதைச்சதில்லை.

ஐந்தாம் மாத எக்ஸ்றேயில் கறுப்புக் கோடு மங்கிச் சாம்பலாகியிருந்தது. தகடு உள்ளேயே இருக்கலாமாம். சப்பாத்தில் உரசி நோவெடுத்தால், எலும்பு வடிவாகப் பொருந்தினபிறகு கழட்டலாமாம்.

பின்னேரம் மாமா வந்து படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஸ்குறூக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். எட்டும் இருந்தது. மடித்து உறைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்:

“உன்ரயைக் கழட்டப் போகேக்க, என்ரயையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?”