ஆயிலுக்கும் உண்டு ஆடிட்!

பி.காம். படித்தவனுக்கும் கார் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பழைய கார் வாங்குவதும், பழைய கம்பெனியை வாங்குவதும் ஒன்றுதான் சார். வெளியே பளபளப்பு... உள்ளே என்னவோ, கணக்கைப் புரட்டினால்தான் தெரியும்!

என் தங்கை வீட்டுக்காரர் ஆபீஸில் லோன் போட்டு ஒரு பழைய மாருதி 800-க்கு விலை பேசினார். தூத்துக்குடி உப்புக் காற்றுக்குப் பயந்து புது பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை சீட் கவரில் மயங்கிவிட்டார். கூட வந்த மெக்கானிக் அண்ணாச்சியோ, நேரே டிப்ஸ்டிக்கை உருவினார்.

"கறுப்பா இருந்தா பயப்படாதீய தம்பி. அழுக்கைச் சுமக்குதுன்னு அர்த்தம். பால் காப்பி மாதிரி இருந்தாத்தான் ஓடணும். ஆயில்ல தண்ணி கலந்திருக்கும்!"

அடுத்து பிளாட்டிங் பேப்பரில் ஒரு சொட்டு. சீராகப் பரவினால் ஆயிலில் தெம்பு இருக்கிறது. நடுவில் கரி திட்டாகத் தங்கி, வெளியே வெறும் எண்ணெய் வளையம் நின்றால் மாற்ற வேண்டியதுதான்.

இதற்குப் பெரியண்ணன், லேப் டெஸ்ட். 1940-களில் அமெரிக்க ரயில்வேக்காரர்கள் டீசல் இன்ஜின்களுக்காகப் பிடித்த வழி. நம்மூர் டீசல் ஷெட்களிலும் உண்டு. பத்து லட்சம் பங்கு ஆயிலில் எத்தனை பங்கு உலோகம் என்று கணக்கெடுப்பார்கள். இரும்பு ஏறினால் சிலிண்டர் தேய்கிறது, அலுமினியம் என்றால் பிஸ்டன், செம்பு என்றால் பேரிங், சிலிக்கான் என்றால் ஏர் ஃபில்டரைத் தாண்டி வந்த தூசி. சோடியம் ஏறினால் கூலன்ட் கசிவு... தூத்துக்குடியில் கடல் உப்பையும் சந்தேகிக்கலாம்! ஒரே ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. போன தடவைக்கு இந்தத் தடவை எவ்வளவு ஏறியது என்பதுதான் விஷயம். பேலன்ஸ் ஷீட்டில் போன வருஷ காலம் சும்மாவா இருக்கிறது?

கடைசியாக பிரேக் ஆயில். "எப்ப மாத்துனீய?"

"குறையவே இல்லையே, ஏன் மாத்தணும்?" என்றார் விற்பவர், பெருமையாக.

அங்கேதான் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டாலோ, 140 டிகிரி தாங்கினாலே பாஸ் மார்க்! கொடைக்கானல் இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். ஆவியை அழுத்தினால்? பெடல் தரையைத் தொடும். பின் சீட்டில் தங்கையும் இரண்டு பிள்ளைகளும்!

பேரம் குறைந்தது. மிஞ்சிய பணத்தில் முதல் வேலையாக இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் நாலையும் மாற்றினோம். தேதியும் கிலோமீட்டரும் ஒரு நோட்டில் ஏறிவிட்டன.

நீங்களும் பழைய கார் வாங்கினால் ஒரு நோட்டுப் போடுங்கள். பிரேக் ஆயிலுக்கு இரண்டு வருஷம்தான் கெடு. சீட் கவரை அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம்!