யூரியா மூட்டையும் மஞ்சள் முக்கோணமும்

உத்திரமேரூர் என்றதும் எல்லாரும் குடவோலைக் கல்வெட்டைத்தான் கேட்கிறீர்கள். மெக்கானிக்கல் படிக்கும் நான் எங்கள் ஊர் நெல்லுக்கு வரும் குலைநோயைப் பற்றிச் சொல்கிறேன்.

போன கார்த்திகையில் மழை விட்டுப் பனி இறங்கியதும், சம்பா வயலில் இலையெல்லாம் கண் வடிவப் புள்ளி. நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு. இது பூச்சியல்ல, பூசணம். குளிரும் ஈரமும் போதாதென்று தழைச்சத்தும் மிஞ்சினால் கேட்கவே வேண்டாம். "பயிரு கருகருன்னு இருந்தாதான்டா நெல்லு கொட்டும்" என்று அப்பா யூரியாவை ஒரே தடவையில் இறைப்பார். அதில் களையும் சேர்ந்து கொழுக்கும்; பறிக்கக் குனிவது அம்மா.

கடையில் கொடுத்த பாட்டிலோடு அப்பா வந்தார். வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். லேபிளைப் படித்தால், பூச்சிக்கொல்லி! பூசணத்தை அது என்ன செய்யும்? திருப்பிக் கொடுத்து டிரைசைக்ளசோல் வாங்கினோம். "இன்னாப்பா, புள்ள பாலிடெக்னிக்கா?" என்றார் கடைக்காரர். அப்பா சிரித்த சிரிப்பு! ஓரத்தில் கொஞ்சம் போயிற்று; மற்றது கழுத்து ஒடியாமல் கதிர் பிடித்தது.

எழுத்து வராவிட்டாலும் லேபிள் முக்கோணம் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. சிவப்பு கொடிய விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. "பச்சைன்னா பயமில்லையே?" என்றார். அதுவும் விஷம்தான்ப்பா!

இந்த வருஷம் விதைநெல் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்தோம். யூரியா மூன்று தவணை. வரப்புப் புல்லிலும் பூசணம் தங்கும் என்றேன். "அதத்தானடா இத்தன வருஷமா செதுக்கச் சொல்றேன்" என்றாள் அம்மா.