உண்பதும் உடலிற் சேர்வதும்

எமது அன்னையார் எண்பது வயதை அண்மியவர். நெடுங்காலமாக இழுப்பு நோய்க்குத் தியோபிலின் என்னும் குளிசையை உட்கொண்டு வருபவர். சென்ற ஆண்டு அவரது முழங்கால் நோவுக்கென மஞ்சட் சத்துக் குளிசைகளை வாங்கிக் கொடுத்தோம். மிளகுச் சத்துஞ் சேர்ந்திருப்பதால் இருபது மடங்கு உடலிற் சேரும் என்று போத்தலில் எழுதியிருந்தது. இரசாயனம் கற்பிக்கும் எமக்கு அவ்வாசகமே போதுமாயிருந்தது.

அது முற்றிலும் பொய்யன்று. மஞ்சளிலுள்ள குர்க்குமின் குடலிலிருந்து குருதியை அடைவது மிக அரிது. அடைவதையும் குடற்சுவரும் ஈரலும் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடும். 1998 இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வொன்றிற் சுகதேகிகளுக்கு 2 கிராம் குர்க்குமினைத் தனியாகவும், மிளகின் காரப் பொருளாகிய பைப்பரின் 20 மில்லிகிராமுடனும் கொடுத்தனர். குறித்த நேரங்களிற் குருதி எடுத்துச் செறிவை அளந்தனர். இத்தகைய அளவைகளை நேரத்துக்கு எதிரே வரைபாகக் கீறினால், வளைகோட்டின் கீழுள்ள பரப்பே குருதியைச் சேர்ந்த அளவைக் காட்டும். மிளகுச் சத்துடன் அது 2000 வீதம் கூடியதாம். ஆனால் தனியே கொடுத்தபோது குருதியில் இருந்ததோ அளவிடற்கரிய சிறு பங்கு. சிறிதினுஞ் சிறிதை இருபதாற் பெருக்கினும் அது சிறிதே என்பதை நாம் எண்ணவில்லை.

எண்ணாதது இன்னொன்றும் உண்டு. பொருள்களை மாற்றி வெளியேற்றும் ஈரலின் வேலையைப் பைப்பரின் தளர்த்துகிறது. தளர்த்தும்போது மஞ்சள், மருந்து என்று அது வேறுபாடு பார்ப்பதில்லை. தியோபிலினும் அதனுடன் கொடுக்கும்போது குருதியிற் கூடுகிறது என்பது 1991 இலேயே வெளிவந்த செய்தி.

சில வாரங்களில் அன்னையாருக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. வேறென்ன உட்கொள்கிறார் என்று வைத்தியர் வினவினார். நாம் தலைகுனிந்து போத்தலைக் காட்டினோம். அதுவே காரணமென அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. நிறுத்தும்படி மட்டும் பணித்தார். நிறுத்தியபின் நடுக்கந் தணிந்தது.

"மஞ்சளும் மிளகும் வீட்டுச் சாமான்தானே, தம்பி? அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தெரியாதே" என்றார் அன்னையார். அவருக்குத் தெரியாதது குற்றமன்று. வளைகோட்டின் பரப்பை ஆண்டுதோறும் கரும்பலகையிற் கீறிக் காட்டும் நாம் அவரிடம் ஒரு வார்த்தை கேளாததே குற்றம்.

இப்பொழுது உறவினர் எவரேனும் மூலிகைக் குளிசை கொண்டுவந்து காட்டினால், எத்தனை மடங்கு என்று நாம் பார்ப்பதில்லை. வேறென்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்றே முதலிற் கேட்கிறோம்.