மெட்ரோபோலிஸ்: வெட்டியதும் ஒட்டியதும்

ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' திரைப்படத்தை எந்தப் பிரதியில் பார்ப்பது நல்லது என்று இளைய நண்பர் ஒருவர் அண்மையில் எங்களிடம் கேட்டார். கேள்வி எளியது. ஆனால் நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் மூன்று விடைகளைச் சொன்னோம். அவர் குழம்பிப் போய், யூடியூபில் ஏதேனும் ஒன்றைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுந்துவிட்டார். இப்படத்தோடு எங்களுக்கு ஏறத்தாழ நாற்பதாண்டு வழக்கு ஒன்று நிலுவையில் இருப்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

வழக்கு 1986-இல் தொடங்கியது. தென்மாவட்டச் சிறுநகர் ஒன்றில் நாங்கள் நடத்திவந்த திரைப்படச் சங்கத்துக்கு 16 மி.மீ. பிரதி ஒன்று இரவலாக வந்தது. ஒன்றரை மணி நேரப் படம். இசை கிடையாது, புரொஜெக்டரின் கடகட ஒலிதான் பின்னணி. பள்ளிக்கூட மண்டபத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டினோம். ஓட்டியவர் அண்ணாச்சி. ஊர்க் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்து, எங்கள் சகவாசத்தால் உலக சினிமாவுக்கு வந்து சேர்ந்தவர். மறுமாதம் எங்கள் உருட்டச்சு இதழில் இப்படிப் பொருள்பட எழுதினோம்: படம் கண்ணுக்கு விருந்து, கதை சிறுபிள்ளைத்தனம், நீளப் படத்தைக் கத்தரித்தவன் எவனோ அவனுக்குப் புண்ணியம். அந்த வரியை எழுதியபோது மிகவும் மகிழ்ந்தோம் என்பதை இன்று கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கத்தரித்தவர் யார் என்பது பிறகுதான் தெரிந்தது. 1927 ஜனவரி 10 அன்று பெர்லினின் உஃபா-பலாஸ்ட் அம் ஸூ அரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது படத்தின் நீளம் 4189 மீட்டர். இன்றைய வேகக் கணக்கில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தயாரித்த உஃபா நிறுவனம் ஏற்கெனவே கடனில் மூழ்கி, பாரமவுண்ட், எம்.ஜி.எம். ஆகிய அமெரிக்க நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்திருந்தது. அமெரிக்க வெளியீட்டுக்காகப் படத்தைச் சுருக்கும் வேலை சானிங் பொல்லாக் என்னும் நாடகாசிரியரிடம் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியிலேயே மறுவெளியீடு கண்டபோது மீந்தது 3241 மீட்டர். ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. நாங்கள் வேட்டியில் கண்டது அந்த மிச்சத்தின் மிச்சம்.

பொல்லாக் எதை நீக்கினார் என்பதுதான் முக்கியம். ஹெல் என்னும் பெண்ணை நீக்கினார். ஆங்கிலத்தில் அப்பெயர் நரகத்தைக் குறிக்கும் சொல்லாக ஒலிப்பதால் அமெரிக்கப் பார்வையாளர்கள் நகைப்பார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஹெல் திரையில் வாழ்கிற பாத்திரம் அல்லள். கதை தொடங்குமுன்பே இறந்துபோனவள். விஞ்ஞானி ரோட்வாங் நேசித்தவள். அவனை நீங்கி நகரத்தின் அதிபதியான ஃப்ரேடர்சனை மணந்தவள். மகன் ஃப்ரேடரைப் பெற்றபோது உயிர்நீத்தவள். ரோட்வாங் உலோகத்தில் பெண்ணுருவைச் செய்வது அவளைத் திரும்பப் பெறுவதற்காக. அவளை எடுத்துவிட்டால் அந்த இயந்திரம் தொழிலாளருக்கு மாற்றாக வந்த ஒரு கருவியாகிவிடுகிறது. ரோட்வாங் வெறும் கிறுக்கன் ஆகிவிடுகிறான். இறுதியில் அவன் மரியாவை ஏன் தேவாலயத்துக் கூரைவரை துரத்துகிறான் என்பதற்கு விடையே இல்லை. நாங்கள் 'சிறுபிள்ளைத்தனம்' என்று எழுதியதில் பாதி இந்த ஓட்டைதான். ஆசிரியரின் பிழை என்று நாங்கள் கருதியது ஏட்டின் சிதைவு. பழந்தமிழ் நூல்களில் பாடபேதம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை முன்னமே தோன்றியிருக்க வேண்டும். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை என்பதற்காக அதைத் தொகுத்தவரை நாம் குறை சொல்வதில்லை.

இரண்டாவதாகக் கண்டது மொரோடர் பிரதி. 1984-இல் இத்தாலிய இசையமைப்பாளர் ஜியார்ஜியோ மொரோடர் வெளியிட்டது; வீடியோ கேசட்டாக 1992 வாக்கில் எங்கள் கைக்கு வந்தது. ஏறத்தாழ எண்பது நிமிடங்கள்தான். காட்சிகளுக்கு வண்ணச்சாயம் ஏற்றி, எழுத்து அட்டைகளை எடுத்துவிட்டு வசனங்களைத் திரையின் அடியில் போட்டு, ஃப்ரெடி மெர்குரி, பானி டைலர், பாட் பெனட்டார் முதலானோரைப் பாட வைத்திருந்தார். தூய்மைவாதிகள் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். நாங்களும் பொத்தினோம். அண்ணாச்சி மட்டும் பொத்தவில்லை. "படம் ஓடுதுல்லா, அது போதும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. எழுத்து அட்டைகள் நீங்கியதால் அப்பிரதி மற்றெதையும்விட வேகமாக ஓடியது. இழந்த காட்சிகள் சிலவற்றை நிழற்படங்களைக் கொண்டு நிரப்பவும் மொரோடர் முயன்றிருந்தார். பல ஊர்களில் ஒரு தலைமுறை இப்படத்தின் பெயரைக் கேள்விப்பட்டதே அவரால்தான்.

மூன்றாவது, 2001 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட மறுசீரமைப்பு. முர்னாவ் அறக்கட்டளைக்காக மார்ட்டின் கோர்பர் மேற்கொண்டது. அதற்கு முன் 1980-களில் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தின் என்னோ பட்டாலாஸ் காட்சிகளின் வரிசையைக் கண்டறிந்து வைத்திருந்த உழைப்பின்மேல் இது எழுந்தது. பட்டாலாஸ் செய்ததை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். படம் இல்லை, ஆனால் படத்தைச் சுற்றியிருந்த காகிதங்கள் இருந்தன. தணிக்கைக்கு அளித்த அட்டையில் எழுத்து அட்டைகளின் வாசகம் முழுதும் இருந்தது. கோட்ஃப்ரீட் ஹுப்பெர்ட்ஸ் எழுதிய இசைப்பிரதியில், எந்த இடத்தில் எந்தக் காட்சி வரும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் இருந்தன. ஊமைப்படத்துக்கு வாத்தியக்காரர்கள் திரையைப் பார்த்து வாசிக்க வேண்டும் அல்லவா, அதற்காக எழுதியவை. உரையாசிரியர் மேற்கோள்களிலிருந்து மறைந்த நூலின் வரிசையை ஊகிப்பதுபோல, பட்டாலாஸ் இசையிலிருந்து படத்தை ஊகித்தார்.

கோர்பரின் 2001 பிரதியை நாங்கள் டிவிடியாகக் கண்டது 2003-இல். அன்றைய வியப்பை மறக்க இயலாது. எஞ்சியிருந்த அசல் நெகட்டிவ் பகுதிகளுக்கே சென்று எடுத்திருந்தார்கள். பதினேழு ஆண்டுகள் புகைமூட்டமாகக் கண்ட நகரம் துலங்கிற்று. ஒய்கன் ஷுஃப்டன் கண்ணாடிகளை வைத்துச் செய்த தந்திரத்தில், சிறு மாதிரிகளுக்குள் உயிருள்ள மனிதர் நடமாடுவது தெரிந்தது. பிரிகிட்டே ஹெல்ம் ஒருத்தியே மரியாவாகவும் போலி மரியாவாகவும் நடிக்கையில் இமையை எப்படி வேறுபடுத்துகிறார் என்பது தெரிந்தது. கிடைக்காத காட்சிகள் வந்த இடங்களில் கோர்பர் ஏமாற்றவில்லை. திரையை நிறுத்தி, இங்கே இன்னது நடந்தது என்று சில வரிகளில் எழுதிக் காட்டினார். எங்களுக்கு அந்த அட்டைகள் மிகவும் பிடித்துப்போயின. 2001-இலேயே யுனெஸ்கோ இப்படத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருந்ததால், வழக்கு முடிந்தது என்றே எண்ணினோம்.

2008 ஜூலையில் வந்தது செய்தி. போனஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் நீண்ட பிரதி கிடைத்துவிட்டது. அடோல்ஃபோ வில்சன் என்னும் விநியோகஸ்தர் 1928-இல் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோனது. பிறகு ஒரு திரை விமர்சகரின் சேகரிப்பில் இருந்து, கைமாறிக் கைமாறி அருங்காட்சியகத்துக்கு வந்து, தன் பெயருடனே அலமாரியில் இருந்திருக்கிறது. ஃபெர்னாண்டோ மார்ட்டின் பேஞா என்னும் சேகரிப்பாளர் அங்கிருந்த பழைய திரைப்படச் சங்கத்தார் ஒருவரிடம் ஒரு கதை கேட்டிருந்தார். ஒருமுறை இப்படத்தை ஓட்டியபோது ஃபிலிம் நில்லாமல் ஆடியதால், இரண்டரை மணி நேரம் அதை விரலால் அழுத்திப் பிடித்திருக்க நேர்ந்ததாம். பேஞாவின் காதில் விழுந்தது விரல் அல்ல. இரண்டரை மணி நேரம். உலகில் இருந்த எந்தப் பிரதியும் அவ்வளவு நேரம் ஓடாது. பல ஆண்டுகள் காத்திருந்து, பவுலா ஃபெலிக்ஸ்-டிடியே அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்த பின்னரே டப்பாக்களைத் திறந்து பார்க்க முடிந்தது.

2010 பிப்ரவரி 12 அன்று ஹுப்பெர்ட்ஸின் இசையோடு பெர்லினில் அரங்கேறிய அந்தப் பிரதியை மறு ஆண்டு ப்ளூ-ரேயில் பார்த்தோம். அண்ணாச்சியையும் பேருந்தேற்றி அழைத்து வந்தோம். தெளிந்த படம் ஓடிக்கொண்டிருக்கையில் சட்டென்று திரை சுருங்கும். இடப்பக்கமும் மேற்பக்கமும் கருப்புப் பட்டை வரும். படத்தின்மேல் மழை பெய்யும். அர்ஜென்டினாவில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமை 16 மி.மீ.க்குக் குறைத்து நகலெடுத்தபோது விளிம்பு வெட்டுண்டது. கோடுகளைக் கணினியாலும் முழுக்கப் போக்க முடியவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்க, அண்ணாச்சி திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "இது ஓடித் தேஞ்ச கோடு இல்ல தம்பி. தேஞ்ச படத்த அப்படியே நகலெடுத்திருக்காவ. கோடும் படமும் ஒண்ணாயிட்டு. ஒண்ணத் தொடச்சா இன்னொண்ணும் போயிரும்."

அந்த மழைக்குள்தான் கதை இருந்தது. ஃப்ரிட்ஸ் ராஸ்ப் நடித்த ஒல்லி மனிதன், முன்பு மூலையில் நின்ற நிழல், இப்போது ஃப்ரேடரைத் தொடரும் ஒற்றனாக, யோசஃபாத்தை மிரட்டிப் பணம் நீட்டுபவனாக எழுந்து வந்தான். ஃப்ரேடரோடு உடைமாற்றிய 11811 என்னும் தொழிலாளி, எஜமானனின் காரில் செல்கையில் யோஷிவாரா கேளிக்கை விடுதியின் துண்டறிக்கைகள் மேலே விழ, ஒரு கணம் தன் வாழ்வை மறக்கிறான். ஃப்ரேடர்சன் திரைச்சீலையை விலக்கி, கல்லில் வடித்த ஹெல்லின் பிரமாண்டமான தலையின்முன் நிற்கிறான். நகரத்தையே ஆள்பவனின் தோள் அங்கே தாழ்கிறது. வெள்ளத்தில் குழந்தைகளை மீட்கும் காட்சி முன்பு கண்டதைவிட நீண்டு, ஏறிப்போன வழியின் உச்சியில் கம்பி அடைப்பு தடுக்கும்போது நாங்கள் மூச்சை அடக்கினோம். ஒன்றரை மணி நேரத்தில் அவசரமாகத் தோன்றிய படம் இரண்டரை மணி நேரத்தில் விரைவாகத் தோன்றியது விந்தையே.

ஆக, 1986-இல் எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறோம். முழுவதும் அல்ல. தலைக்கும் கைகளுக்கும் இதயம் தரகு பார்க்க, முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்கும் முடிவு, முழுப்பிரதியிலும் அதே அசட்டுத்தனத்தோடு இருக்கிறது. எச்.ஜி. வெல்ஸ் 1927-இலேயே படத்தை எள்ளி நகையாடினார். லாங்கே பிற்காலத்தில் அம்முடிவை ஒப்பவில்லை. கதையை எழுதிய மனைவி தேயா ஃபான் ஹார்பூ பின்னர் நாஜிக் கட்சியில் சேர்ந்ததையும், லாங் 1933-இல் ஜெர்மனியை விட்டகன்றதையும் அறிந்தபின் அந்தக் கைகுலுக்கலைச் சும்மா பார்க்க முடிவதில்லை. எந்த மறுசீரமைப்பும் அதைச் சரிசெய்யாது.

படம் முடிந்தபின் அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. எங்களுக்குக் காரணம் தெரியும். 1998-இல் சங்கத்தைக் கலைத்தபோது வாடகை அறையைக் காலி செய்ய நேர்ந்தது. முப்பத்தேழு டப்பாக்கள் இருந்தன. பலரும் கொடுத்துச் சென்ற செய்திப்படங்கள், துண்டுப் படங்கள், பெயரெழுதாத சில. திறந்தால் வினிகர் வாடை அடித்தது. ஆகவே திறக்கவில்லை. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, கிடைத்த பணத்தில் நால்வரும் பரோட்டா சாப்பிட்டோம். 'கீசக வதம்' உள்ளிட்ட நம் ஊமைப்படங்கள் மறைந்துபோனதைப் பற்றி அதே இதழில் ஆவேசமாகக் கட்டுரை எழுதியவர்கள்தாம் நாங்கள். அந்த டப்பாக்களில் அரிதாக ஏதும் இருந்திருக்கப்போவதில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். போனஸ் அயர்ஸிலும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள் என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தபோது மற்றவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இளைய நண்பருக்கு எங்கள் விடை இதுதான்: முதலில் 2010 பிரதி, கோடுகளைப் பொறுத்துக்கொள்க. பிறகு ஒரு மழைநாளில் 2001 பிரதி, அந்த அட்டைகளுக்காக. மொரோடரை நண்பர்கள் கூடும்போது பார்க்கலாம். அண்ணாச்சி இதற்கு உடன்படவில்லை. எண்பதைக் கடந்த அவருக்கு இப்போது ஒரே காட்சிதான் வேண்டும். ரோட்வாங்கும் ஃப்ரேடர்சனும் கைகலக்க, இடையில் மரியா தப்பி ஓடும் காட்சி. அது இன்னும் கிடைக்கவில்லை. 2010-லும் அவ்விடத்தில் எழுத்து அட்டைதான். போன மாதம் தொலைபேசியில் அழைத்தபோதும் கேட்டார்: "அந்தச் சண்டை எங்கயாவது ஆம்புட்டுதா?" இல்லை என்றோம். சரி, பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.