தாய்க்கு நாவான மகள்

வெளிநாடுகளில் குடியேறிய குடும்பங்களைப் பற்றி நம் ஊர்களில் பேச்சு எழும்போது, அது பெரும்பாலும் ஊதியத்தைப் பற்றியதாகவே அமைந்துவிடுகிறது. வீட்டில் எத்தனை அறைகள், பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி, மாதம் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்றெல்லாம் கேட்கிறோம். அந்த வீட்டுத் தாய் நாள் முழுவதும் யாரோடு பேசுகிறாள் என்று கேட்பவர் அரிது. சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ தமிழறிந்த கடைக்காரர் ஒருவராவது அகப்படுவார். சீன நாட்டின் ஷாங்காய் மாநகரில் நிலைமை வேறு. ஏறத்தாழ இரண்டரைக் கோடி மக்கள் வாழும் அந்நகரில் மருந்துச் சீட்டும், மின் கட்டண அறிவிப்பும், மளிகைப் பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தும் பெரும்பாலும் சீனமே.

என் தம்பி 2016-இல் மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் அங்குக் குடியேறினான். 2019 ஜனவரியில் மூன்று வாரங்கள் அவர்கள் இல்லத்தில் தங்கினேன். விடுதியில் தங்காத அயல்நாட்டார் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே ஷாங்காயில் நான் முதன்முதலாகக் கண்ட இடம் காவல் நிலையம்! அங்கே எனக்காகப் பேசியவள் அந்தச் சிறுமிதான். சீனப் பிள்ளைகளோடு மழலையர் பள்ளியில் அமர்ந்தவளுக்கு ஓராண்டிற்குள் அம்மொழி வசப்பட்டுவிட்டது.

அவள் தாய்க்கு அது வசப்படவில்லை. ஊரில் ஒன்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த ஆசிரியை அவர். பணியாளரின் துணைவி என்ற முறையில் பெற்ற குடியிருப்பு உரிமத்தைக் கொண்டு அங்கே வேலை செய்ய இயலாது. சீன மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். ‘மாய்’ என்பதைத் தாழ்த்தி இழுத்தால் ‘வாங்கு’. வெட்டி இறக்கினால் ‘விற்பனை செய்’. சந்தையில் கீரை வாங்கப் போனவர் விற்க வந்தவராகிவிடுவார். மாணவர் முன் மணிக்கணக்கில் பேசியவர், மகள் பள்ளியிலிருந்து திரும்பும் வரை விரலால் சுட்டிக்காட்டியே காலம் தள்ளினார்.

குளிரையும் சொல்ல வேண்டும். வடசீன நகரங்களில் குளிர்காலத்தில் வீடுகளுக்குப் பொது ஏற்பாட்டில் வெப்பம் வழங்கப்படுகிறது. ஷாங்காய் அந்த எல்லைக்குத் தெற்கே இருப்பதால் அவ்வசதி இல்லை. ஈரக்குளிர் எலும்பைத் துளைக்கும். துவைத்த துணி மூன்று நாளானாலும் உலராது. இட்லி மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல் வைத்திருந்தார் தம்பி மனைவி. அப்படியும் அது பொங்கவில்லை. வெயில் தலைகாட்டியதும் ஊரே மெத்தை விரிப்புகளைப் பலகணியில் தொங்கவிடும் காட்சி பார்க்கத் தக்கது.

கீழ்த்தளத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். நடுவயதுப் பெண்டிரையும் வீட்டு வேலைக்கு வருவோரையும் சீனர் ‘ஆயி’ என்றே அழைப்பர். சிற்றன்னை என்பது போன்ற சொல் அது. நம் நாட்டுப்புறங்களில் ‘ஆயி’ என்றால் தாய் அல்லவா? ஊரிலுள்ள தன் அப்பாயிக்கும் இந்த ஆயிக்கும் உறவு உண்டென்றே சிறுமி நெடுநாள் நம்பியிருந்தாளாம்.

அந்த வாரத்தில்தான் தம்பி மனைவிக்கு வயிற்றுவலி கண்டது. தம்பி வெளியூரில் இருந்தான். நாங்கள் மூவரும் மருத்துவமனைக்குச் சென்றோம். மருத்துவர் பேசிக்கொண்டே போனார். சிறுமி கூர்ந்து கேட்டாள். “வயிற்றுக்குள்ளே சின்னக் கல் இருக்காம்மா. வெந்நீர் குடிக்கணுமாம்” என்று மட்டும் கூறினாள். இரவு தந்தையிடம் தொலைபேசியில் அழுதபோதுதான் அறுவை தேவைப்படலாம் என்று மருத்துவர் கூறியது வெளிவந்தது. “அம்மா பயந்துடுவாங்கன்னு சொல்லலை, சாமி பெரியப்பா” என்றாள் என்னிடம். எட்டு வயதுப் பிள்ளை சுமக்கக்கூடிய சுமையா அது? பிள்ளையின் மொழித்திறனைக் கண்டு பெருமைப்படும் பெற்றோர், அதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். தாயின் உடல்நிலையை மகள் மூடி மறைத்தும் மென்மையாக்கியும் சொல்லத் தொடங்கிவிட்டால், அவ்வீட்டில் யார் தாய், யார் பிள்ளை?

அறுவை செய்யாமலே அந்நோய் தணிந்தது. ஆயினும் மறுவாரமே தம்பி மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கீழ்த்தளத்து ஆயியிடம் போய் அமர்ந்தார். இவர் சுண்டல் கொண்டு போவார். அவர் சொல் கொடுப்பார்.

2020-இல் நோய்த்தொற்று வந்தது. 2022-இன் நடுப்பகுதி வரை, இந்தியா வந்தவர் சீனம் திரும்பும் வழி ஏறக்குறைய அடைபட்டே இருந்தது. அவ்விடைவெளியில், 2021-இல், எங்கள் தாயார் இறைவனடி சேர்ந்தார். நம் மக்கள் பயன்படுத்தும் வாட்ஸ்அப் அங்கே 2017 முதலே முடக்கப்பட்டிருந்தது. அங்குள்ளோர் பயன்படுத்தும் வீசாட்டை இந்திய அரசு 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. இருபுறமும் கதவடைத்த வீட்டில் அண்ணனும் தம்பியும் எப்படிப் பேசுவது? தம்பியின் அலுவலகக் கணினி இணைப்பின் வழியே, நான் அடக்கச் சடங்கை நிறைவேற்றியதை அவர்கள் கண்டார்கள். இங்கே மாலை நான்கு மணி, அங்கே ஆறரை. இடையில் படம் இருமுறை நின்றுபோயிற்று. மண் போடும் நேரத்தில் அது நிற்காதிருந்தது எனக்குப் போதும். மறுநாள் ஆயி வெள்ளைச் சாமந்திக் கொத்து ஒன்றைக் கொணர்ந்து ஒன்றும் பேசாமல் வைத்துச் சென்றாராம்.

2022 ஏப்ரல், மே மாதங்களில் ஷாங்காய் முழுவதும் பூட்டப்பட்டது. கடைகள் இல்லை. அடுக்ககத்தார் கைப்பேசியில் ஒன்று சேர்ந்து மொத்தமாக வரவழைத்தால்தான் முட்டையும் பாலும் கிட்டும். முதியோர் பலருக்கு அந்தக் கைப்பேசி முறை பிடிபடவில்லை, ஆயிக்கும் அப்படியே. அவருக்கு வேண்டியதைக் கேட்டறிந்து, குழுவில் சீன எழுத்தில் பதிந்து, வந்த பொருளைக் கதவருகே வைத்தவர் தம்பி மனைவி. இதைத் தம்பி எழுதியபோது ஓரிடத்தில்கூட மகளின் உதவியைக் குறிப்பிடவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

நின்றுபோயிருந்த நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கின. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர்கள் ஊர் வந்தார்கள். சிறுமிக்கு இப்போது பதினான்கு வயது. அப்பாயியின் கல்லறைக்குப் பூ வாங்கப் பேருந்து நிலையம் சென்றோம். “எத்தனை முழம்?” என்று பூக்காரம்மாள் கேட்டதும், முழம் என்றால் என்னவென்று அறியாமல் மகள் தாயைப் பார்த்தாள். “நீயே கேள்” என்று சொல்லிவிட்டுத் தாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பூக்காரம்மாள் சரத்தை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீட்டிக் காட்டினார்.

“மூணு குடுங்க, ஆயி” என்றாள்.